மூணாவது பாட்டின் அடி

"இது பாட்டா? தகரக் கூரை மேல ஆணி மழை பெய்யுது!"

மகளின் ராக் குழு வெளியிட்ட முதல் இசைத்தட்டைக் கேட்ட அப்பா, காதைப் பொத்திக்கொண்டார்.

"மூணாவது பாட்டுல வர்ற அந்த 'டம் டம்' அடியை எடுத்துட்டா நாங்களே வெளியிடறோம்னு பெரிய ஆடியோ கம்பெனி சொல்லுச்சுப்பா. முடியாதுன்னுட்டு, ஒத்தை ரூம்ல நடக்குற சின்னக் கம்பெனியில போட்டோம்."

"கொழுப்பு! அவங்க சொன்னா கேக்க வேண்டியதுதானே?"

மூணாவது பாட்டு ஆரம்பித்தது. அப்பாவின் கை காதிலிருந்து இறங்கி, நாற்காலியில் தாளம் போட்டது.

"இவன் ஒருத்தன்தான் உருப்படியா அடிக்கிறான். என்ன ஒரு ஆவேசம்! யாரும்மா இது?"

"நீங்கதாம்ப்பா. நாங்க ரூமுக்குள்ள ரெக்கார்டு பண்றப்ப, 'நிறுத்துங்க'ன்னு வெளியில கதவை இடிச்சீங்களே, அதை வச்சுத்தான் பாட்டையே கட்டினோம்."

அப்பா விருட்டென்று எழுந்தார்.

"என் அடியை எடுக்கச் சொன்ன கம்பெனிக்காரன் எவன்? அவன் நம்பரைக் கொடு!"