சந்தனம் பூசிய கண்

அந்த வீட்டு கார் ஷெட்டின் மோட்டார் கதவுக்கு ஒரு சென்சார் கண் உண்டு. குறுக்கே ஆள் நின்றால் கதவை நிறுத்துவது அதுதான். ஆயுத பூஜையன்று வீட்டுக்காரர் தணிகாசலம் அந்தக் கண் மேலேயே சந்தனத்தை அப்பி, குங்குமப் பொட்டும் வைத்தார். கண் மறைந்ததும் கதவு இறங்க மறுத்தது.

"யோவ், துடைச்சு விடுய்யா!" என்று கத்தியது கண். அவர் கண்ணையே கழற்றி மூலையில் எறிந்துவிட்டு, கண் இல்லாமலே கதவு இறங்கும்படி ஒயர்களை நேராகச் சேர்த்து முறுக்கிவிட்டார்.

"கீழே ஒரு கட்டையை வெச்சாவது சோதிச்சுப் பாருய்யா! எனக்கு இனிமே நிக்கத் தெரியாது!" என்று கதவும் கெஞ்சிப் பார்த்தது. யார் கேட்டார்கள்?

மறுநாள் கதவு அவர் தோள் மேலேயே இறங்கியது. கைக்கட்டோடு வந்தவர் ஷெட் வாசலில் திருஷ்டிப் பூசணி கட்டினார். "எவன் கண்ணு பட்டுச்சோ!"

மூலையில் கிடந்த கண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் கண்ணு பட்டிருந்தா உன் தோள் தப்பிச்சிருக்குமேய்யா!"