எல்லோரும் சேர்ந்து

சாயங்காலம் ஆறு மணி. வெளிநாட்டு வேலைக்காக ஆங்கிலம் பழகும் மாடி வகுப்பில் டியூப் லைட் கண் சிமிட்டுகிறது. இன்றைய சொல் ‘வான்ட்’. ஆளுக்கொரு ஆசையைச் சொல்ல வேண்டும். அதை வகுப்பே சேர்ந்து திருப்பிச் சொல்லும். காரும் வீடும் கேட்டு முடிந்து, முறை ஒரு வெல்டரின் மனைவியிடம் வருகிறது. அவள் எழுந்து, கைப்பையின் வாரைத் திருகுகிறாள். “ஐ வான்ட் எ பேபி.” பக்கத்தில் புருஷன் சிரிக்கிறான். “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இதே பாட்டுதான் சார். டாக்டரே கைய விரிச்சுட்டாரு.” பெஞ்சுகள் குலுங்குகின்றன. வாத்தியார் பலகையைத் தட்டுகிறார். அவளுடைய ஆசையை வகுப்பே ராகம் போட்டு ஒப்பிக்கிறது. புருஷனின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கிறது. அவள் தரையில் சிந்திய சாக்பீஸ் தூளையே பார்க்கிறாள். வாத்தியார் அவள் பக்கம் திரும்புகிறார்.

“உங்க சத்தம் மட்டும் கேக்கலையே சிஸ்டர். வாயத் தொறந்து இன்னொரு தடவ சொல்லுங்க, என்ன வேணும்?”