எலுமிச்சம்பழத்துக்கு இழுத்த பிரேக்

புக்கிட் ரம்பாய் சாலையோரத்தில் ஹரிதாஸின் புது மோட்டார்ஹோம், படுக்கையும் அடுப்புமாய் ஒரு வீட்டு வண்டி, நிற்கிறது. அதன் பின்னால் அவன் கட்டியிழுத்து வந்த மனைவி திலகாவின் சின்னக் காரின் பின்டயர்கள் புகைகின்றன. கோயிலில் வண்டிப் பூசை முடியும்வரை கார் சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தின் மேல் உருளாமலிருக்க அவன் இழுத்துவிட்ட ஹேண்ட்பிரேக் இன்னும் இறங்கவில்லை. "பிரேக்கைப் பாத்தீங்களான்னு கிளம்பறப்பவே கேட்டேன்" என்கிறாள் திலகா. "நீ வாய் வெச்சதாலதான்லா இப்படி." கருகிய ரப்பர் நாற்றம் வெயிலில் குமட்டுகிறது. கண்ணாடியில் தடவிய சந்தனம் காய்ந்து உதிர்கிறது. அவள் குனிந்து காரை வண்டியோடு பிணைத்த கம்பியைக் கழற்றி, அதோடிருந்த சங்கிலியைத் தார்ச்சாலையில் போடுகிறாள். "எங்க போற? கேம்ப்புல யாரு சமைக்கிறது?" "வீடே கூட வருதுன்னு பீத்திக்கிட்டீங்களே, அதுலயே குடியிருங்க." பிரேக்கை இறக்கி, தேய்ந்த டயர்கள் டப்டப்பென்று அடிக்க, அவள் வீடிருக்கும் பத்து பெரண்டாம் பக்கம் காரைத் திருப்புகிறாள். வீட்டுச் சாவி அவள் மடியில் கிடக்கிறது.