வயிற்றால் இறங்கிய விமானம்

கான்சாஸ் கோதுமை வயல்களின் மேல் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. ஹார்லன் தன் பழைய விமானத்தை மறுபடியும் வட்டமடிக்கிறார். பக்கத்தில் அவர் மனைவி வெர்னா, சக்கரங்களை இறக்கும் சுழல் கைப்பிடியை இரு கையாலும் அழுத்திச் சுற்றிப் பார்க்கிறாள். பாதி இறங்கிய சக்கரங்கள் அதற்குமேல் அசைய மறுக்கின்றன. "திருப்பிச் சுத்து. எல்லாத்தையும் உள்ளே இழுத்துடு. வயித்தாலேயே புல்லுல இறக்கிடறேன்" என்கிறார் ஹார்லன். "பதினோரு வருஷமா ஷெட்டுல கிடந்து ஒவ்வொரு பாகமா நீங்க பூட்டின விமானமாச்சேங்க!" "திரும்பப் பூட்டிக்கலாம். உன்னை எங்க போய்ப் பூட்டுறது? சுத்து." அவள் சுற்றுகிறாள். சக்கரங்கள் உள்ளே போய்விடுகின்றன. தரை நெருங்கியதும் அவர் எஞ்சினை அணைக்கிறார். இறக்கைக் கம்பிகளில் காற்று மட்டும் இரைகிறது. அப்புறம் ஓர் அடி, தகரம் கிழியும் நீண்ட சத்தம், கண்ணாடியெங்கும் புல்லும் மண்ணும். விமானம் ஒருபக்கமாக அரைவட்டம் சுழன்று நிற்கிறது. முன்விசிறி பின்னால் வளைந்திருக்கிறது. வெயிலில் தூசி மெல்ல இறங்குகிறது. "பெட்ரோல் வாடை வருது, இறங்கு." இருவரும் புல்வெளியில் விலகி நடக்கிறார்கள். வெர்னாதான் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள். ஹார்லன் அவள் முழங்கையைப் பிடித்தபடி நேரே பார்த்து நடக்கிறார்.