இப்போது படிப்பவர் ஒருவர்

அறையில் மூன்று பேர்: நான், அக்கா, வழக்கில் ஜெயித்த பெண். மாலை வெயில் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. தன் அப்பாவின் மதத்தை விட்டு விலக அவளுக்கு உரிமை உண்டு என்ற தீர்ப்பை, மதச் சுதந்திர வழக்குகளுக்காக நான் நடத்தும் வலைப்பூவில் காலையில் வெளியிட்டேன். தீர்ப்பை ஒரு வரி விடாமல் போடுவதுதான் என் பெருமை. அதன் இரண்டாம் பக்கத்தில், அப்பாவுக்குத் தெரியாமல் அவளும் அவள் தங்கையும் குடியிருக்கும் வீட்டின் முகவரி இருக்கிறது. “ஜெயிச்ச பொண்ணுக்கு நீ போட்ட மாலையாடா இது?” என்கிறாள் அக்கா. “அப்புறம் திட்டுங்கக்கா, முதல்ல எடுக்கச் சொல்லுங்க.” கைப்பையின் வாரை அந்தப் பெண் விரலில் சுற்றி அவிழ்க்கிறாள். நான் அழிக்கிறேன். ஆனால் திரையின் மூலையில், அந்தப் பக்கத்தை இப்போது படிப்பவர் ஒருவர் என்று காட்டுகிறது. ஏற்கெனவே திறந்து வைத்திருப்பவரிடமிருந்து என்னால் பிடுங்க முடியாது. “அது நீங்களா?” என்று கேட்கிறேன். அவள் தன் போனைக் காட்டுகிறாள். அணைந்திருக்கிறது.

“எங்கப்பா மெதுவாத்தான் படிப்பாரு. விரல் வச்சு, வரி வரியா.” மூவரும் அந்த ஒன்றையே பார்க்கிறோம். மின்விசிறி கடகடக்கிறது. ஒன்று பூஜ்யமாகிறது. “முடிச்சிட்டாரு,” என்று எழுகிறாள். “தங்கச்சி வேலை விட்டு வீட்டுக்கு வர்ற நேரம்.” அக்கா செருப்பை மாட்டுகிறாள். நானும் எழுகிறேன். “நீ வராதே. வந்தா அதையும் எழுதிடுவே.” இருவரும் வெளியேறுகிறார்கள். அக்கா கதவை இழுத்துச் சாத்தி, வெளியிலிருந்து பூட்டுகிறாள்.