நாலு போல்ட்

சென்டர் ஸ்டாண்டில் நிற்கிறது நெடும்பயண பைக். விடிந்தால் கிளம்ப வேண்டும். இரண்டு பக்கப் பெட்டிகளும் நிரம்பிவிட்டன, ஹேண்டில்பார்தான் படிய மாட்டேன் என்கிறது. போன பயணத்தில் மணிக்கட்டு வீங்கிப் பாதி வழியிலேயே திரும்பியவர், இன்று விடுவதாக இல்லை. மாலை வெயில் டேங்கில் வழுக்கி நேராக அவர் கண்ணில் குத்துகிறது. ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டையும் தளர்த்தி, மயிரிழை அளவு நகர்த்தி, முறுக்கி, ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடிக் கையை நீட்டுகிறார். மணிக்கட்டு மடங்குகிறது. இறங்குகிறார். மறுபடி தளர்த்துகிறார். முன்னால் தள்ளினால் கிளட்ச் கேபிள் விறைக்கிறது. பின்னால் இழுத்தால், திருப்பும்போது பிடி டேங்கில் இடிக்கிறது. கை நழுவிய, போல்ட் முறுக்கும் எல்-கீ சிமெண்டுத் தரையில் கணீரென்று விழுந்து வண்டிக்கடியில் ஓடுகிறது. "சனியனே!" என்று அதைத் திட்டியபடியே குனிந்து எடுக்கிறார். ஒருவழியாகக் கை படிகிறது. தோள் இறங்கி, அப்பாடா என்றிருக்கிறது. உட்கார்ந்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டு நாலையும் இறுக்குகிறார்.

"முடிஞ்சிருச்சு, வந்து பாரு!"

ஈரக் கையை உதறியபடி வரும் மனைவி, அவர் தோளைப் பிடித்து ஏறிப் பின்னால் உட்காருகிறாள். வழக்கம்போல் அவர் முன்னால் நகர்ந்து இடம் விடுகிறார். முழங்கை விலாவில் முட்டுகிறது. மணிக்கட்டு மடங்குகிறது.

"இவ்வளவு நேரமும் தனியா உக்காந்தா அளவு பாத்தீங்க?"

அவர் எல்-கீயையே முறைக்கிறார்.

"இறங்கு. கழட்டணும்."

"இறங்க மாட்டேன். நான் இருக்கும்போதே முறுக்குங்க."