உயிர் நண்பரின் சைக்கிள்

உலகத்தில் நட்பு என்ற ஒன்று இருக்கும்வரை இந்தச் சைக்கிள் ஓடிக்கொண்டே இருக்கும் என்று முழங்கினார் நகர்மன்றத் தலைவர். சைக்கிளில் காற்று இல்லை.

எதிரி முகாமில் போர்க்கைதியாகக் காய்ச்சலில் விழுந்து, இருபத்திரண்டு வயதில் செத்துப்போன சிப்பாய்க்கு நினைவு மண்டபம் திறக்கிறார்கள். கூடத்தின் நடுவில், அவன் படத்துக்குக் கீழே, கண்ணாடிப் பெட்டிக்குள் அவனுடைய சைக்கிள். தலைவரின் நன்கொடை. பின்சக்கரப் பூட்டு பாதியில் அறுபட்டிருந்தது; ‘போர்க்காலச் சேதம்’ என்று பக்கத்தில் அட்டை வைத்திருந்தார்.

“ரயில் ஏறுறதுக்கு முந்தின நாள், ‘இனிமே இது உன்னோடதுடா’ன்னு என் கையில ஒப்படைச்சான்!” தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைக்குட்டையின் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை.

வாசல் கல்வெட்டில் சிப்பாயின் பெயருக்குக் கீழே ஒரு வரி காலி. ‘உயிர் நண்பர்’ என்று அதில் தன் பெயர் ஏறவேண்டும் என்பது தலைவரின் தீராத ஏக்கம். சிப்பாயின் தங்கை சம்மதம் சொன்னால் போதும். கல்தச்சர் உளியோடு தயாராக நின்றார்.

வெளியூரிலிருந்து அன்றுதான் வந்திருந்த அந்த அம்மாள் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். எட்ட நின்றே அட்டையைப் படித்தார். பிறகு கைப்பையிலிருந்து பழுப்பேறிய கடிதம் ஒன்றை எடுத்தார்.

“முகாம்லேருந்து அண்ணன் போட்ட கடைசிக் கடுதாசி. கைதிங்களுக்கு அஞ்சு வரிதான் எழுத விடுவாங்களாம்.”

“அதுல என்னைப் பத்தி ஏதாவது...?”

“ரெண்டு வரி உங்களைப் பத்திதான். எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நீங்களே மைக்ல படிச்சிடுங்களேன்.”

தலைவருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கல்தச்சருக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார்.

“தங்கச்சி, நான் நல்லா இருக்கேன். காய்ச்சல் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. அம்மாவை அழ வேணாம்னு சொல்லு. நான் கிளம்பின அன்னிக்கே, வாசல்ல நிறுத்தின என் சைக்கிளை எவனோ பூட்டை அறுத்துத் தள்ளிக்கிட்டுப் போயிட்டான்னு எழுதியிருந்தியே. அந்தத் திருட்டுப்பய...”

மைக் மட்டும் கொர்ரென்றது.

“‘...சிக்கினானா இல்லையா?’” என்று மீதியை அந்த அம்மாள் மனப்பாடமாகச் சொல்லி முடித்தார். பிறகு படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

“சிக்கிட்டான்ணே.”